மருந்தியலும் இம்யூனாலஜியும் தேர்வுப் பாடங்களான வரலாறு

இந்திய மருத்துவக் கல்லூரிகளில் எம்.பி.பி.எஸ். இரண்டாம் கட்டத்துக்கு வரும் மாணவருக்கு மருந்தியல் தனிப் பாடம். அதற்குத் தனித் துறை உண்டு, தனிப் பேராசிரியர்கள் உண்டு, தனித் தேர்வும் உண்டு. பள்ளிப் புத்தகங்கள் நோய்த்தடைக்காப்பியல் என்றும் கல்லூரி வளாகம் இம்யூனாலஜி என்றும் அழைக்கும் பாடத்துக்கு அப்படி ஓர் இடம் கிடையாது. அது நுண்ணுயிரியலுக்குள் சில அத்தியாயங்களாக அடங்கியிருக்கிறது. மிச்சம் நோய்க்குறியியலில் சிதறிக் கிடக்கிறது. தேர்வு நெருங்கும்போது ஒரு நாள் மருந்துகளின் பெயர்களும் பக்க விளைவுகளும் திருப்பிப் பார்க்கப்படுகின்றன. இன்னொரு நாள் ஆன்டிபாடி வகைகளும் ஒவ்வாமையின் நான்கு பிரிவுகளும் மனப்பாடம் ஆகின்றன. இரண்டும் வெவ்வேறு உலகங்கள் என்ற எண்ணம் மாணவர் மனத்தில் இப்படித்தான் ஊன்றுகிறது. உண்மையில் இவ்விரு துறைகளும் ஒரே காலத்தில், ஒன்றின் சோதனைகளை இன்னொன்று பயன்படுத்தி வளர்ந்தவை. இரண்டுக்கும் பொதுவானவர்கள் பலர். இவற்றைப் பிரித்து வைத்ததில் பாடத்திட்டத்துக்கும் தேர்வு முறைக்கும் பெரும் பங்கு உண்டு.

மருந்தியல் பிறப்பதற்கு முன் அதன் இடத்தில் இருந்தது மெட்டீரியா மெடிக்கா. எந்த வேர், எந்தப் பட்டை, எந்த உப்பு, எங்கே விளைவது, எப்படிப் பதம் செய்வது, எவ்வளவு கொடுப்பது என்ற பட்டியல் அறிவு அது. இங்கிலாந்தில் 1815-ல் வந்த அப்பாத்திகரிகள் சட்டம், மருந்து கலந்து கொடுத்து வைத்தியம் பார்ப்பவர்கள் ஐந்தாண்டு தொழில் பழகி, லண்டன் அப்பாத்திகரிகள் சங்கத்தின் தேர்வில் தேற வேண்டும் என்று விதித்தது. தேர்வு வாய்மொழியாக நடந்தது. லத்தீனில் அச்சான லண்டன் மருந்து நூலின் பகுதிகளையும் மருந்துச் சீட்டுகளையும் மாணவர் மொழிபெயர்த்துக் காட்ட வேண்டும்; மருந்துப் பொருள்களையும் மருந்து வேதியியலையும் பற்றிக் கேட்கப்படும் கேள்விகளுக்கு உடனே பதில் சொல்ல வேண்டும். கவிஞர் ஜான் கீட்ஸ் 1816 ஜூலை 25-ல், 20 வயதில், இந்தத் தேர்வில் தேறி உரிமம் பெற்றார். ஒரு மருந்து உடலுக்குள் போய் என்ன செய்கிறது என்ற கேள்விக்கு அந்தத் தேர்வில் இடமில்லை. அதற்குப் பதில் அன்று எவரிடமும் இல்லை.

சென்னைக்கு இந்த மரபு வேறொரு வடிவில் வந்து சேர்ந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் விட்லா ஐன்ஸ்லி, தென்னிந்தியக் கடைத்தெருக்களில் விற்ற மருந்துச் சரக்குகளை வைத்தியர்களிடமும் கடைக்காரர்களிடமும் கேட்டறிந்து தொகுத்தார். அந்த நூல் 1813-ல் சென்னையில் அச்சானது. அதன் விரிந்த வடிவம் 1826-ல் லண்டனில் வெளிவந்தது. சரக்குகளின் தமிழ்ப் பெயர்கள் அதில் முறையாகப் பதிவாகியுள்ளன. 1835 பிப்ரவரியில் சென்னைப் பொது மருத்துவமனையோடு இணைந்து ஒரு மருத்துவப் பள்ளி தொடங்கியது. 1850-ல் அது சென்னை மருத்துவக் கல்லூரி ஆயிற்று. உள்நாட்டு மருந்துகளைச் சோதித்து எழுதியவர்களில் திருவல்லிக்கேணியில் பணியாற்றிய மொய்தீன் ஷெரீஃப் தனித்து நிற்கிறார். எட்வர்ட் வேரிங் தலைமையில் 1868-ல் வெளியான இந்திய மருந்து நூலுக்கு மறு ஆண்டே அவர் ஒரு துணை நூல் எழுதினார். ஒரே சரக்குக்கு மொழிக்கு மொழி வழங்கும் பெயர்களின் குழப்பத்தைத் தீர்ப்பதில் அவருடைய உழைப்பு பெரிது. அவருடைய இன்னொரு நூல் அவர் மறைவுக்குப் பின் 1891-ல் வந்தது.

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் ஒரு படி மேலே போனார். 1847-ல் இலங்கைக்கு வந்த அவர், 1860-களில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். உடற்கூறு, அறுவை, வேதியியல், மருந்து நூல்களைத் தம் மாணவர்களோடு சேர்ந்து தமிழாக்கினார். வேரிங்கின் மருந்து நூலும் அந்த வரிசையில் உண்டு. அவரிடம் பயின்றவர்கள் 60 பேருக்கு மேல். அவர்களில் தமிழில் பயின்றவர்கள் மெட்டீரியா மெடிக்காவைத் தாய்மொழியிலேயே ஒப்பித்தார்கள். தமிழில் மருத்துவக் கல்வி முடியுமா என்று பிற்காலத்தில் எழுந்த வாதங்களில் இந்தச் செய்தி உரிய எடையோடு பேசப்படவில்லை.

மெட்டீரியா மெடிக்கா மருந்தியலாக மாறியது இன்றைய எஸ்டோனியாவின் டார்ட்டு நகரில். அன்று அதன் பெயர் டோர்பாட். ரஷ்யப் பேரரசுக்குள் ஜெர்மன் மொழியில் இயங்கிய பல்கலைக்கழகம் அங்கே இருந்தது. 1847-ல் அங்கே பேராசிரியராக வந்த ருடோல்ஃப் புக்ஹைம், தம் வீட்டின் நிலவறையில் சொந்தச் செலவில் ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தார். அதற்கு முன்பே ஜோனதன் பெரைராவின் ஆங்கில மெட்டீரியா மெடிக்காவை ஜெர்மனில் பெயர்த்தபோது, பயனற்றவை என்று தமக்குத் தோன்றிய பகுதிகளை அவர் நீக்கியிருந்தார். மருந்தை எங்கே விளைகிறது என்று அடுக்காமல், உடலில் என்ன செய்கிறது என்று அடுக்க வேண்டும் என்பது அவருடைய நிலைப்பாடு. இன்று மருந்தியல் புத்தகத்தில் வலி நீக்கிகள், சிறுநீர்ப் பெருக்கிகள், தசை தளர்த்திகள் என்று அத்தியாயங்கள் நிற்பதன் வேர் இந்த முடிவில் இருக்கிறது. அவருடைய மாணவர் ஓஸ்வால்ட் ஷ்மீடெபெர்க் 1872-ல் ஸ்ட்ராஸ்பர்க் சென்று, பல நாடுகளின் மருந்தியல் பேராசிரியர்களை உருவாக்கினார். அவர்களில் ஒருவரான ஜான் ஜேக்கப் ஏபல் 1891-ல் மிச்சிகனிலும் 1893-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸிலும் மருந்தியல் இருக்கையை ஏற்றார். 1909-ல் அமெரிக்க மருந்தியல் ஆய்விதழைத் தொடங்கினார்.

டோர்பாட்டின் கதை அத்தோடு முடியவில்லை. புக்ஹைமுக்குப் பின் அந்த ஆய்வுக்கூடத்துக்கு வந்த ருடோல்ஃப் கோபர்ட்டிடம் மாணவராக இருந்த ஹெர்மன் ஸ்டில்மார்க், ஆமணக்கு விதையின் நச்சை ஆராய்ந்து 1888-ல் ஆய்வேடு எழுதினார். ரிசின் என்ற அந்த நச்சு இரத்தச் சிவப்பணுக்களை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாக்குவதை அவர் கண்டார். குன்றிமணியின் நச்சான ஏப்ரினும் அதே கூடத்தில் ஆராயப்பட்டது. இவை மருந்தியலின் வழக்கமான வேலைகள்: ஒரு தாவரம், அதன் சாறு, விலங்கில் அதன் விளைவு. ஆனால் இந்த இரு விதைகளும் சில ஆண்டுகளில் பெர்லின் போய்ச் சேர்ந்து, இம்யூனாலஜியின் அடித்தளச் சோதனை ஒன்றுக்கு மூலப்பொருள் ஆயின.

பெர்லினில் ராபர்ட் கோக்கின் நிறுவனத்தில் எமில் பேரிங்கும் ஷிபாசாபுரோ கிடசாட்டோவும் 1890 டிசம்பரில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். டெட்டனஸ் நச்சைச் சிறிது சிறிதாக ஏற்றப் பழகிய விலங்கின் சீரத்தை இன்னொரு விலங்குக்குச் செலுத்தினால், அந்த விலங்கும் நச்சைத் தாங்குகிறது என்பது அதன் சாரம். டிஃப்தீரியாவுக்கும் அப்படியே என்று தொடர்ந்து காட்டப்பட்டது. அதே கோக்கின் வட்டத்தில் பால் எர்லிக் 1891-ல் எலிகளுக்கு ரிசினையும் ஏப்ரினையும் உணவோடு சிறிது சிறிதாகக் கூட்டிக் கொடுத்தார். நாளடைவில் எலிகள், மற்ற எலிகளைக் கொன்றுவிடும் அளவையும் தாங்கின. ஆனால் ரிசினுக்குப் பழகிய எலியை ஏப்ரின் கொன்றது. ஏப்ரினுக்குப் பழகியதை ரிசின் கொன்றது. உடலின் எதிர்ப்பு ஒவ்வொரு நச்சுக்கும் தனித்தனியானது என்பது இப்படித் துலங்கியது. இன்று இம்யூனாலஜியின் முதல் பக்கத்தில் ஒரே சொல்லாக நிற்கும் 'குறித்தன்மை' என்ற பண்புக்கு ஆமணக்கும் குன்றிமணியும் சாட்சி சொன்னதைப் பாடப் புத்தகங்கள் சொல்வதில்லை.

டிஃப்தீரியா சீரம் 1894-க்குப் பின் ஐரோப்பா முழுவதும் குதிரைகளிலிருந்து பெருமளவில் எடுக்கப்பட்டது. அதன் வீரியம் குப்பிக்குக் குப்பி மாறியது. ஒரு குழந்தைக்குப் போதுமானது இன்னொரு குழந்தைக்குப் போதாமல் போனது. இந்த நடைமுறைச் சிக்கலைத் தீர்க்கும் பொறுப்பு எர்லிக்கிடம் வந்தது. நச்சையும் நச்சுமுறியையும் அளவிட்டு அளவிட்டுப் பார்த்தவர், 1897-ல் அளவீட்டு முறையோடு ஒரு கோட்பாட்டையும் சேர்த்து எழுதினார். உயிரணுவின் மேல் பக்கச் சங்கிலிகள் இருக்கின்றன. அவற்றில் பொருந்தும் வடிவமுள்ள நச்சு மட்டும் வந்து ஒட்டுகிறது. ஒட்டப்பட்ட உயிரணு அதே சங்கிலியை மிகுதியாக உற்பத்தி செய்து இரத்தத்தில் உதிர்க்கிறது. அந்த உதிரிகளே ஆன்டிபாடிகள். 1900 வாக்கில் அந்தச் சங்கிலிகளுக்கு அவர் ஏற்பி என்ற பெயரைக் கொடுத்தார். கோட்பாட்டின் பாதி பின்னால் கைவிடப்பட்டது. பொருந்தும் வடிவம் என்ற மறுபாதி இன்றும் நிற்கிறது.

வியப்பு என்னவென்றால், தம் ஏற்பிக் கோட்பாடு மருந்துகளுக்கும் பொருந்தும் என்பதை எர்லிக்கே பல ஆண்டுகள் மறுத்தார். நச்சு உயிரணுவோடு உறுதியாகப் பிணைகிறது. ஆல்கலாய்டு மருந்துகளைக் கரைப்பானில் எளிதாகக் கழுவி எடுத்துவிடலாம். ஆகவே இரண்டும் ஒன்றல்ல என்பது அவருடைய வாதம். மறுபுறம் கேம்பிரிட்ஜில் ஜான் லாங்லி, நிகோட்டினும் குராரேயும் தசையின் ஒரே இடத்துக்குப் போட்டியிடுவதைக் கண்டு, தசையில் மருந்தை ஏற்கும் ஒரு பொருள் இருக்க வேண்டும் என்று 1905-ல் எழுதினார். மருந்துக்குப் பழகிப் போன டிரிப்பனோசோம் ஒட்டுண்ணிகளை ஆராய்ந்த பிறகு, 1907-ல் எர்லிக்கும் மருந்து ஏற்பிகளை ஒப்புக்கொண்டார். 1909-ல் சஹாச்சிரோ ஹாட்டா அவருடைய ஆய்வுக்கூடத்தில் சிஃபிலிசுக்கு எதிராக 606 எண்ணிட்ட ஆர்சனிக் சேர்மத்தின் திறத்தைக் கண்டார். மறு ஆண்டு அது சால்வர்சான் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 1908-ல் எர்லிக் நோபல் பரிசு பெற்றது நோய்த்தடைக்காப்பு ஆய்வுக்காக. மக்கள் அவரை நினைவில் வைத்தது மருந்துக்காக. மாணவர் இன்று மருந்தியலின் தொடக்க அத்தியாயத்தில் ஏற்பியையும், நுண்ணுயிரியலில் ஆன்டிஜன் ஆன்டிபாடி பிணைப்பையும் வேறு வேறாகப் படிக்கிறார். இரண்டும் ஒரே அலமாரியின் இரண்டு தட்டுகள்.

சீர மருத்துவம் பரவியபோது அதன் கேடுகளும் தெரியத் தொடங்கின. சார்ல் ரிஷேயும் பால் போர்ட்டியேவும் 1901-ல் மொனாக்கோ இளவரசரின் கப்பலில் கடல் பயணம் போய், போர்ச்சுகீசியப் போர்க்கப்பல் எனப்படும் சொறி உயிரியின் நச்சை ஆராய்ந்தார்கள். பாரிஸ் திரும்பிய பின் கடல் சாமந்தியின் நச்சை எடுத்து நாய்களுக்குக் கொடுத்தார்கள். நெப்டியூன் என்ற நாய் முதல் முறை அதைத் தாங்கியது. சில வாரம் கழித்து மறுபடி கொடுத்தபோது, மூச்சுத் திணறிச் சில நிமிடங்களில் சரிந்து இறந்தது. பழகினால் உடல் தாங்கும் என்ற எர்லிக்கின் எலிகளுக்கு நேர் எதிரான விளைவு இது. அனஃபிலாக்ஸிஸ் என்று அவர்கள் அதற்கு 1902-ல் பெயரிட்டார்கள். 1913-ல் ரிஷேக்கு நோபல் பரிசு கிடைத்தது.

வியன்னாவில் குழந்தை மருத்துவர்கள் கிளெமென்ஸ் ஃபான் பிர்க்கேயும் பேலா ஷிக்கும் மருத்துவமனை வார்டிலேயே ஆய்வு செய்தார்கள். குதிரைச் சீரம் ஏற்றிய குழந்தைகளில் சிலருக்கு ஏறக்குறைய 8 முதல் 12 நாட்களில் காய்ச்சல், தடிப்பு, மூட்டுவலி, நெறிகட்டுதல் வந்தன. இரண்டாம் முறை சீரம் ஏற்றினால் அவை இன்னும் சீக்கிரம் வந்தன. காக்க வேண்டிய ஆன்டிபாடியே நோயையும் உண்டாக்கக்கூடும் என்ற முடிவுக்கு வந்து, 1905-ல் சீர நோய் பற்றிய நூலை வெளியிட்டார்கள். அன்று பலருக்கு அது ஏற்கத்தக்கதாக இல்லை. 1906-ல் ஃபான் பிர்க்கே அறிமுகப்படுத்திய 'அலர்ஜி' இன்று வீட்டுப் பேச்சுக்கே வந்துவிட்டது. இந்த அத்தியாயம் பழங்கதையும் அல்ல. இந்தியாவில் பாம்புக்கடிக்குக் கொடுக்கப்படும் நச்சுமுறி இன்றும் குதிரையிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. அதற்கு வேண்டிய நஞ்சைத் தருவதில், 1978-ல் செங்கல்பட்டு வட்டாரத்தில் உருவான இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. நச்சுமுறி ஏற்றும் மருத்துவர் பக்கத்தில் அட்ரினலினை எடுத்து வைத்துக்கொள்வது வியன்னாவும் பாரிசும் கற்றுத் தந்த பாடம்.

அனஃபிலாக்ஸிஸில் உடலுக்குள் எது வெளிப்படுகிறது என்ற கேள்விக்குப் பதில் மருந்தியல் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. ஹென்றி டேல் கேம்பிரிட்ஜில் லாங்லியிடம் பயின்றவர். பின்பு சில மாதங்கள் ஃபிராங்ஃபர்ட்டில் எர்லிக்கிடம் தங்கியவர். ஏற்பியின் இரு மூலவர்களையும் நேரில் அறிந்த அவர், லண்டனில் வெல்கம் ஆய்வுக்கூடங்களில் எர்காட் என்ற தானியப் பூஞ்சையின் சாற்றை ஆராய்ந்தார். 1906-ல் அவர் கண்டது, எர்காட் சாறு கொடுத்த விலங்குக்கு அட்ரினலின் கொடுத்தால் இரத்த அழுத்தம் ஏறுவதற்குப் பதில் இறங்குகிறது என்பது. 1910-ல் அதே எர்காட்டிலிருந்து கிடைத்த ஹிஸ்டமினின் செயல்களை லெய்ட்லாவோடு சேர்ந்து விவரித்தபோது, அவை அனஃபிலாக்ஸிஸை அப்படியே ஒத்திருப்பதைக் குறிப்பிட்டார். 1913-ல் ஒவ்வாமைக்கு ஆளாக்கிய கினிப் பன்றியின் கருப்பைத் தசையை உடலிலிருந்து எடுத்துக் கண்ணாடிக் குழாயில் தொங்கவிட்டு, அதன் மேல் ஆன்டிஜனைச் சொட்டினார். தசை தானாகச் சுருங்கியது. குடல் தசையில் ஷுல்ட்ஸ் என்ற ஆய்வாளர் முன்பே இதைக் கண்டிருந்ததால், ஷுல்ட்ஸ்-டேல் வினை என்று இது பெயர் பெற்றது. இம்யூனாலஜியின் நிகழ்வு ஒன்று மருந்தியலின் கருவியில் அளக்கப்பட்ட தருணம் இது. ஹிஸ்டமின் நுரையீரலிலும் ஈரலிலும் இயல்பாகவே இருக்கிறது என்பது 1927-ல் உறுதியானது. 1937-ல் பாஸ்டர் நிறுவனத்தில் டேனியல் போவேயும் ஆன்-மரி ஸ்டாப்பும் ஹிஸ்டமினைத் தடுக்கும் முதல் சேர்மத்தைக் கண்டார்கள். 1940-களில் மருந்துக் கடைக்கு வந்த ஒவ்வாமை மாத்திரைகள் அதன் வழித்தோன்றல்கள்.

சிறு மருந்து மூலக்கூறு ஒவ்வாமையை எப்படித் தூண்டுகிறது என்பதையும் இதே காலத்தில் கார்ல் லாண்ட்ஸ்டைனர் விளக்கினார். தனியாக ஆன்டிபாடியைத் தூண்ட முடியாத சிறு சேர்மம், உடலின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டால் தூண்டும் என்று அவர் காட்டினார். பெனிசிலின் ஒவ்வாமை பற்றித் தேர்வில் எழுதப்படும் விடை முழுக்க இந்தக் கருத்தின் மேல்தான் நிற்கிறது.

இவ்வளவு நெருக்கமாக இருந்த துறைகள் தனித்தனி வீடு கட்டிக்கொண்டது 20-ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில். அமெரிக்க இம்யூனாலஜி சங்கம் 1913-ல் உருவாகி, 1916-ல் தன் ஆய்விதழைத் தொடங்கியது. மருந்தியலுக்கு அப்படி ஓர் ஆய்விதழ் முன்பே இருந்தது. மருத்துவக் கல்லூரிகளோ மருந்தியலுக்கு இருக்கை கொடுத்து, இம்யூனாலஜியை நுண்ணுயிரியலின் ஓர் ஓரத்தில் வைத்தன. சீரமும் தடுப்பூசியும் கிருமியோடு சேர்ந்த விஷயங்கள் என்று கருதப்பட்டதே காரணம். தமிழகத்தின் நிறுவனங்களும் இந்த நோக்கிலேயே பிறந்தன. அம்மைப்பால் தயாரிக்க எழுந்த கிண்டி கிங் நிறுவனம், வெறிநாய்க்கடி சிகிச்சைக்காக 1907-ல் திறந்த குன்னூர் பாஸ்டர் நிறுவனம் இரண்டும் நோய்த்தடைக்காப்பை நாள்தோறும் கையாண்டவை. மருந்தியலுக்கு இந்தியாவில் தனி அடையாளம் தந்தவர் ராம்நாத் சோப்ரா. 1921-ல் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் மருந்தியல் பேராசிரியரான அவர், உள்நாட்டு மூலிகைகளைப் புக்ஹைம் வழியில் ஆய்வுக்கூடத்தில் சோதித்தார்.

புத்தகங்கள் இந்தப் பிரிவைக் கெட்டிப்படுத்தின. 1941-ல் லூயிஸ் குட்மனும் ஆல்ஃபிரட் கில்மனும் எழுதிய நூல் மருந்தியலின் பெரும் நூலாயிற்று. 1971-ல் ஐவன் ரோய்ட்டின் இம்யூனாலஜி நூல் வந்தது. இந்திய மாணவரின் மேசையில் மருந்தியலுக்கு சாதோஸ்கர்-பண்டார்கர் நூலும் பின்னர் கே.டி. திரிபாதியின் நூலும் இடம்பிடித்தன. இம்யூனாலஜியை அந்த மாணவர் முதலில் படித்தது 1978-ல் வந்த அனந்தநாராயண்-பணிக்கர் நுண்ணுயிரியல் நூலுக்குள்தான். அதன் இம்யூனாலஜி அத்தியாயங்களைப் படித்தே பல தலைமுறை மருத்துவர்கள் உருவானார்கள்.

தேர்வு முறையும் இதற்கேற்ப மாறியது. இந்தியாவில் நெடுங்காலம் பிரிட்டிஷ் வழியில் கட்டுரை வினா, குறுங்குறிப்பு, செய்முறை, வைவா என்றே தேர்வு நடந்தது. மருந்தியல் செய்முறையில் புகை படிந்த காகித உருளையில் தவளைத் தசையின் சுருக்கத்தை வரைந்து காட்ட வேண்டும். நாயின் இரத்த அழுத்த வரைபடத்தை மேசையில் வைத்து, எந்த மருந்து எந்த இடத்தில் கொடுக்கப்பட்டது என்று கண்டுபிடிக்கச் சொல்வார்கள். அதில் அதிகம் கேட்கப்பட்டது 1906-ல் டேல் கண்ட தலைகீழ் விளைவு. விலங்குகளை வைத்துச் செய்யும் இந்தப் பயிற்சிகள் இந்த நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில் படிப்படியாகக் கணினித் திரைக்கு மாறின. தவளைகளுக்கு அது நல்லது. மருந்தின் விளைவைக் கண்ணால் காணும் வாய்ப்பை மாணவர் இழந்தது மெய்யான இழப்பு.

அமெரிக்காவில் 1915-ல் தொடங்கிய தேசிய மருத்துவத் தேர்வு வாரியம் 1916-ல் நடத்திய முதல் தேர்வு, எழுத்து விடை, ஆய்வுக்கூடச் செய்முறை, நோயாளியின் படுக்கையருகே கேள்வி எனப் பல நாட்கள் நீண்டது. 1950-களில் வாரியம் கட்டுரை விடைகளைக் கைவிட்டு, பல விடைகளிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முறைக்கு மாறியது. திருத்துபவரின் மனநிலையால் மதிப்பெண் மாறாது என்பது அந்த முறையின் நியாயமான வலிமை. ஆனால் ஒரு கருத்து ஒரே வரியாகச் சுருங்கினால்தான் அது வினாவாகும். இந்தியாவில் உச்ச நீதிமன்றத்தின் வழிகாட்டலால் 1980-களின் இறுதியில் வந்த அகில இந்திய முதுநிலை நுழைவுத் தேர்வும் இதே வழியைப் பின்பற்றியது.

இம்யூனாலஜியில் இப்படி வரியாகச் சுருங்கியவற்றில் முதன்மையானது ஒவ்வாமையின் நான்கு வகைகள். 1963-ல் ஃபிலிப் கெல்லும் ராபின் கூம்ப்ஸும் தாங்கள் தொகுத்த நூலில், உடனடி ஒவ்வாமை, உயிரணுவை அழிப்பது, ஆன்டிஜன்-ஆன்டிபாடி கூட்டு படிவது, தாமத வினை என்று நான்காகப் பிரித்தார்கள். முன்பு சிதறிக் கிடந்த நெப்டியூன், வியன்னாக் குழந்தைகள், காசநோய்த் தோல் சோதனை எல்லாம் ஒரே அட்டவணையில் இடம் பெற்றன. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஏ, சி, ஐ, டி' என்று மாணவர்கள் இதை நினைவில் வைக்கிறார்கள். முதல் வகைக்குக் காரணம் ஐ.ஜி.இ. என்ற ஆன்டிபாடி என்பது இன்று பள்ளி மாணவருக்கும் தெரியும். 1963-ல் அது கெல்லுக்கும் கூம்ப்ஸுக்கும் தெரியாது. 1921-ல் ஹைன்ஸ் குஸ்ட்னர் தம் மீன் ஒவ்வாமையைக் காட்ட, அவருடைய சீரத்தை கார்ல் பிரவுஸ்னிட்ஸ் தம் தோலில் செலுத்திக்கொண்டு, ஏதோ ஒரு பொருள் சீரத்தில் இருப்பதை நிறுவினார். அந்தப் பொருளைப் பிடிக்க 40 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1966-ல் டென்வரில் இஷிசாகா தம்பதியும், அடுத்த ஆண்டு உப்சாலாவில் யோஹான்சனும் பென்னிக்கும் தனித்தனியே அதை அடைந்தார்கள், 1968-ல் ஐ.ஜி.இ. என்ற பெயர் உறுதியானது. அட்டவணையில் ஒரு கட்டத்துக்குள் இருக்கும் மூன்று எழுத்துகள், அட்டவணையை விட இளையவை.

லிம்போசைட்டுகளின் பி, டி என்ற இரு பிரிவும் இப்படியே. கோழியின் பர்சா என்ற உறுப்பை நீக்கினால் ஆன்டிபாடி உண்டாவதில்லை என்று புரூஸ் கிளிக் குழு கண்டதை, பெரிய அறிவியல் இதழ் ஒன்று ஏற்கவில்லை. 1956-ல் கோழி வளர்ப்பு அறிவியல் இதழில் அது வெளிவந்தது. தைமஸின் பணியை ஜாக் மில்லர் 1961-ல் காட்டினார். பி, டி என்ற எழுத்துகளின் பின்னால் இந்த இரு சோதனைகளும் இருக்கின்றன.

மருந்தியலில் டேல் விட்டுச் சென்ற புதிரை ரேமண்ட் ஆல்க்விஸ்ட் 1948-ல் அவிழ்த்தார். அட்ரினலினுக்கு ஆல்ஃபா, பீட்டா என இரு ஏற்பிகள் உண்டு. எர்காட் ஒன்றை மட்டும் அடைக்கிறது. எஞ்சியது அழுத்தத்தை இறக்குகிறது என்பது அவருடைய விளக்கம். ஏபல் தொடங்கிய மருந்தியல் இதழே அந்தக் கட்டுரையைத் திருப்பி அனுப்ப, அது உடலியங்கியல் இதழில் வந்தது. 1960-களில் ஜேம்ஸ் பிளாக் பீட்டா ஏற்பியை அடைக்கும் புரோப்ரனோலாலை உருவாக்கிய பிறகுதான் ஆல்ஃபா, பீட்டா எல்லாப் பாடநூல்களிலும் நிலைத்தன.

மருந்துகளின் எண்ணிக்கை பெருகியபோது மாணவரின் நினைவுக்குக் கைகொடுத்தது பெயரிடும் முறை. உலக சுகாதார நிறுவனம் 1950-ல் தொடங்கிய சர்வதேசப் பொதுப்பெயர்த் திட்டத்தின் முதல் பட்டியல் 1953-ல் வந்தது. ஒரே வகை மருந்துக்கு ஒரே ஈறு: பீட்டா தடுப்பிகள் 'ஓலால்' என்று முடியும், இரத்த அழுத்தத்துக்கான ஒரு வகை 'பிரில்' என்றும் மற்றொன்று 'சார்ட்டான்' என்றும் முடியும். அதனால் அறியாத மருந்தையும் வகை சொல்லிவிடலாம். மருந்துச் சீட்டில் தவறு குறைய வகுத்த முறை, தேர்வுக்கும் சாவியாயிற்று.

1975-ல் கேம்பிரிட்ஜில் ஜார்ஜ் கோலரும் சேசர் மில்ஸ்டைனும் ஒரே வகை ஆன்டிபாடியை வேண்டிய அளவு உற்பத்தி செய்யும் உயிரணுக் கலப்பை உருவாக்கியபோது, பிரிந்த இரு துறைகளும் மீண்டும் ஒன்று கலந்தன. ஆன்டிபாடியே மருந்தாயிற்று. 1986-ல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற முதல் மோனோகுளோனல் மருந்து சிறுநீரக மாற்று நோயாளிகளுக்கானது. அது எலியின் ஆன்டிபாடி. நோயாளிகளின் உடல் அதற்கு எதிராகத் தன் ஆன்டிபாடியை உண்டாக்கியது. குதிரைச் சீரத்தில் வியன்னா கண்ட அதே சிக்கல். இதைத் தவிர்க்க எலிப் பகுதியைப் படிப்படியாகக் குறைத்தார்கள். ரிட்டுக்ஸிமாப் எலியும் மனிதனும் கலந்தது, டிராஸ்டுசுமாப் பெரும்பகுதி மனிதத் தன்மையது, அடாலிமுமாப் முழுக்க மனிதனுடையது. பெயரின் நடுவில் உள்ள 'ஸி', 'சு', 'உ' ஒலிகள் அந்த மூலத்தைக் காட்டின. தேர்வுக் கையேடுகள் இதை விடாமல் அச்சிட்டன. 2017-ல் உலக சுகாதார நிறுவனம் புதிய பெயர்களில் மூல ஒலியை நீக்கியது. 2021-ல் புதிய மருந்துகளுக்கு 'மாப்' என்ற ஈற்றையே விட்டு, நான்கு புதிய ஈறுகளை வகுத்தது. பழைய மருந்துகள் பழைய பெயரோடு தொடர்வதால், மாணவர் இப்போது இரண்டு முறையையும் அறிந்திருக்க வேண்டும்.

தேர்வுகளும் தனித் தாள்களைத் தாண்டத் தொடங்கியிருக்கின்றன. அமெரிக்காவில் 1992-ல் வந்த ஒருங்கிணைந்த உரிமத் தேர்வு, நோயாளியின் கதையைச் சொல்லி அதிலிருந்து கேள்வி கேட்கிறது. 2022 ஜனவரி முதல் அதன் முதற்படியில் மதிப்பெண் இல்லை, தேர்ச்சி மட்டுமே. இந்தியாவில் 2019-ல் வந்த திறன்சார் பாடத்திட்டம் துறைகளைக் குறுக்காகவும் நெடுக்காகவும் இணைத்துக் கற்பிக்கச் சொல்கிறது. அப்படி இணைத்துக் கேட்கத் தகுந்த மருந்து ஒமாலிசுமாப். ஆஸ்துமாவுக்காக 2003-ல் ஒப்புதல் பெற்ற இந்த ஆன்டிபாடி, ஐ.ஜி.இ. என்ற இன்னோர் ஆன்டிபாடியைப் பிடித்துக் கட்டுகிறது. ஹிஸ்டமின் வெளிப்படுவதற்கு முந்தைய படியிலேயே வினையைத் தடுக்கிறது. அரிதாக அதுவே அனஃபிலாக்ஸிஸை உண்டாக்குவதால், 2007 முதல் அதன் அட்டையில் கட்டம் கட்டிய எச்சரிக்கை அச்சாகிறது. அதை ஏற்றிக்கொள்ளத் தொடங்குபவர் சிறிது நேரம் மருத்துவரின் கண்காணிப்பில் இருக்க வைக்கப்படுகிறார். அட்ரினலின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும்.